கொடி வந்தது, மருந்து வந்தது. ஆலை மட்டும் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் அழகாக இருந்தன. தேக்கடிக்குப் போகிறவர்கள் வழியில் ஒரு மணி நேரம் இறங்கி, பந்தலுக்குள் நடந்து, ஒரு கொத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை நான் படித்தது பந்தலுக்கு அடியில் உட்கார்ந்துதான். எதிரே மூன்று பெண்கள் மழையில் வெடித்த பழங்களைக் கொத்திலிருந்து கிள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் 11 வாளி நிறைந்தது. அத்தனையையும் வரப்போரம் கொண்டுபோய்க் கொட்டினோம். மறுநாள் காலையில் அந்த இடத்தில் கால் வைக்க முடியாத அளவுக்குத் தேனீ மொய்த்தது.

கட்டுரையில் தவறு என்று எதையும் நான் சுட்டவில்லை. விட்டுப்போன ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்: இந்தப் பழத்தை வாங்கிச் சாறாக்க ஊருக்குப் பொதுவான ஓர் ஆலை எங்களுக்கு இல்லை. கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சுருளிப்பட்டிக்காரி. அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக இருந்து 2019இல் ஓய்வு பெற்றேன். என் அப்பா 1974இல் இரண்டு ஏக்கரில் கல்தூண் நட்டுக் கம்பி கட்டிப் பந்தல் போட்டார். அவருக்குப் பிறகு அந்தப் பந்தல் என் பொறுப்புக்கு வந்தது. தூண்களில் பாதி அவர் நட்டவை, அப்படியே நிற்கின்றன. கொடிகளை இரண்டு முறை மாற்றிவிட்டோம்.

எங்கள் பந்தலில் விளைகிற கறுப்புப் பன்னீர்த் திராட்சையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்றுண்டு. பழத்தின் மேல் மெல்லிய வெண்பொடி பூத்திருக்கும். விரல் பட்டால் அழிந்துவிடும். அழிந்த இடம் கறுப்பாகப் பளபளக்கும். அதைப் பார்த்ததும் வியாபாரி "பழைய பழம்" என்று விலையைக் குறைப்பார். அதனால் வெட்டுகிற பெண்கள் கொத்தைக் கையால் பிடிப்பதே இல்லை. காம்பை இரண்டு விரலால் தூக்கி, கத்தரியின் நுனியை உள்ளே விட்டு, வெடித்த பழத்தை மட்டும் அதன் சிறு காம்போடு நறுக்கி எடுப்பார்கள். பக்கத்துப் பழத்தில் கத்தரி உரசக்கூடாது. என் தோட்டத்துக்கு 20 ஆண்டுகளுக்கும் மேலாக நாராயணத்தேவன்பட்டியிலிருந்து வருகிற ஓர் அம்மா, பேசிக்கொண்டே, கொத்தைப் பார்க்காமலே இதைச் செய்வார். அவர் வலது கட்டைவிரல் திராட்சைக் கறையில் நிரந்தரமாக நீலம் பாய்ந்திருக்கிறது. சோப்புக்கும் புளிக்கும் அது போவதில்லை.

இவ்வளவு கவனமாக எடுத்த பழத்துக்கு அன்று வியாபாரி சொன்ன விலை கிலோவுக்கு 22 ரூபாய். ஆறு வாரம் முன்னால் இதே பந்தலில் 55 ரூபாய்க்குக் கொடுத்தேன். அதிலும் 100 கிலோவுக்கு ஐந்து கிலோ கழிவு. தராசு அவருடையது, பெட்டி அவருடையது, லாரி அவருடையது. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் உண்டு; ஆனால் வெட்டிய பழத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லை. பன்னீருக்குத் தோல் மெலிது. வெட்டிய மூன்றாம் நான்காம் நாளே காம்பு காய்ந்து பழம் உதிரத் தொடங்கிவிடும். வியாபாரியையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். இரவோடு இரவாக மலை ஏறிக் கோட்டயத்தில் இறக்கியாக வேண்டும். அங்கே விலை விழுந்தால் அவருக்கும் நட்டம்தான். இந்த ஏற்பாட்டில் அழுகுவதற்கு முன் விற்றுத் தீர்க்க வேண்டும் என்ற அவசரம் எல்லோர் கழுத்திலும் கத்தியாக இருக்கிறது. தை பிறந்துவிட்டால் மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சை லாரி லாரியாக இறங்கும். அதோடு போட்டியிட்டு எங்கள் விதையுள்ள கறுப்புத் திராட்சை சந்தையில் நிற்பது கடினம்.

ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிற பள்ளத்தாக்கு என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். நாசிக்கில் ஆண்டுக்கு ஓர் அறுவடை. இங்கே கவாத்து செய்த, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிட்ட, 120 நாளில் பழம். இரண்டு ஆண்டுக்கு ஐந்து அறுவடை எடுக்கிறோம். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரும், இரு பக்கமும் மலை மறித்த இந்த இதமான காற்றும் கொடுத்த வரம் அது. ஆனால் ஐந்து அறுவடை என்றால் ஐந்து முறை மழைக்குப் பயப்படுவது, ஐந்து முறை தராசுக்கு முன்னால் நிற்பது. இதையும் அந்தப் பக்கத்தில் ஒரு மூலையில் எழுதியிருக்கலாம்.

வரலாறு படித்தவள் என்பதால் ஒன்று என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எங்கள் பந்தலில் இருக்கிறவற்றில் இரண்டு, பிரான்சு நாட்டோடு உறவுள்ளவை. முதலாவது கொடி. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்பார்கள். 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாப் பத்திரிகைகளும் அந்தக் கதையை எழுதின. இரண்டாவது மருந்து. கவாத்து முடிந்ததும் நாங்கள் அடிக்கிற போர்டோக் கலவை. ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு உப்பு), ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தத்தைத் தனியாகவும் சுண்ணாம்பைத் தனியாகவும் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த பிறகு அப்பா தன் கத்தியைத் தீட்டிப் பளபளப்பாக்கி அதில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பார். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்ப்பார், மறுபடியும் முக்குவார். கத்தி வெள்ளையாக வரும் வரை விசைத்தெளிப்பானைத் தொட விடமாட்டார்.

போர்டோ ஓர் ஊரின் பெயர் என்று எனக்குக் கல்லூரிக்குப் போகும் வரை தெரியாது. உலகத்தின் பெயர் பெற்ற ஒயின் நகரம் அது. 1880களில் அந்த ஊருக்குப் பக்கத்தில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருப்பதற்காகச் சாலையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்தார்கள். அடிச்சாம்பல் நோய் தோட்டத்தையே அழித்த ஆண்டில் அந்தச் சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை பச்சையாக நின்றது. மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் அதைக் கவனித்து, சோதித்துப் பார்த்து, 1885இல் உலகுக்கு அறிவித்தார். அந்தக் கலவையைத்தான் என் அப்பா சுருளிப்பட்டியில் கத்தி முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடி வந்தது, கொடிக்கு மருந்தும் வந்தது. மூன்றாவதாக அந்த நாட்டில் நான் என் கண்ணால் பார்த்த ஒன்று மட்டும் எங்களிடம் வரவில்லை.

என் தங்கை காரைக்காலில் ஒரு சொல்தா குடும்பத்துக்கு மருமகளாகப் போனவள். மாமனார் பிரெஞ்சுப் படையில் இருந்தவர் என்பதால் எல்லோருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை. இப்போது தென் பிரான்சில் பெசியே என்ற நகரத்தில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆண்டு செப்டம்பரில் அவளிடம் ஒரு மாதம் இருந்தேன். போர்டோவிலிருந்து வெகுதூரம், ஆனால் அதுவும் ஒயின் நாடுதான். நகரத்தை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டிய வரை கொடிகள். எங்களுடையதுபோல் தலைக்கு மேல் பந்தல் இல்லை. இடுப்பளவு உயரத்தில் கம்பியோரம் வரிசை வரிசையாக நிற்கின்றன. முதல் நாள் அதைப் பார்த்ததும், குனிந்து குனிந்து வெட்ட வேண்டுமே, முதுகு என்னாகும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அறுவடைக் காலம் அது. தங்கை வீட்டுக்காரர் என்னைப் பக்கத்து ஊர்க் கூட்டுறவு ஒயின் ஆலைக்கு அழைத்துப்போனார். வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தொட்டி வண்டி நிறையப் பழம். அடியில் கறுப்புச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இடம் முழுவதும் புளித்த தோசை மாவின் வாசனை. எனக்கு அது அந்நியமாகவே இல்லை. வண்டி முதலில் எடைமேடையில் ஏறுகிறது. பிறகு மேலிருந்து ஓர் இரும்புக் குழாய் இறங்கிப் பழத்துக்குள் குத்தி, கொஞ்சம் சாற்றை உறிஞ்சுகிறது. சில நொடிகளில் சுவரில் ஓர் எண் தெரிகிறது. அதுதான் பழத்தின் இனிப்பு அளவு. எடை, இனிப்பு, தோட்டத்தின் எண் மூன்றும் அச்சடித்த ஒரு சிட்டை வெளியே வருகிறது. எங்களுக்கு முன்னால் வண்டி ஓட்டி வந்தவர் என் வயதுடைய ஒரு பெண்மணி. கையுறையைக் கழற்றிவிட்டு அந்தச் சிட்டையை வாங்கி, நான்காக மடித்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். பேரம் இல்லை. கழிவு இல்லை. யாரும் யாரையும் கெஞ்சவில்லை.

அந்தப் பெண்மணிக்கு அன்று பணம் கிடைக்காது. எடையையும் இனிப்பையும் பெருக்கி வருகிற கணக்கின்படி ஆண்டு முழுவதும் தவணை தவணையாக வரும். ஒயின் விற்கும்போது கிடைக்கிற லாபத்திலும் பங்கு உண்டு. ஏனென்றால் ஆலை அவருடையது, அவரைப் போன்ற ஊர்க்காரர்கள் எல்லோருடையதும். மரோசான் என்ற ஊர் பெசியேவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே 1901இல் சிறு விவசாயிகள் கூடித் தங்கள் ஒயினைச் சேர்ந்து விற்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1905இல் சொந்தமாக ஆலைக் கட்டடம் எழுப்பினார்கள். 'சுதந்திர ஒயின் விவசாயிகள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பாரிசில் தொழிலாளர்கள் நடத்திய கூட்டுறவுப் பண்டகசாலைகள் அவர்களிடம் நேரடியாக ஒயின் வாங்கின. அந்தப் பழைய கட்டடத்தின் முன்னால் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். எத்தனையோ போர்களையும் ஒப்பந்தங்களையும் பாடமாக நடத்தியிருக்கிறேன். இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு வரி எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை.

அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். விளைச்சல் மிஞ்சிப்போனதால் மானியம் வாங்கிக்கொண்டு கொடிகளைப் பிடுங்கிய நிலங்களையும் பார்த்தேன். கதவடைத்த கடைகளையும், முதியவர்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் ஊர்ச் சதுக்கங்களையும் பார்த்தேன். கூட்டுறவு ஆலைகள் பல ஒன்றோடொன்று இணைந்துதான் தாக்குப்பிடிக்கின்றன. நம் நாட்டிலும் மகாராஷ்டிர அரசு 2001இல் ஒயினுக்கென்று தனிக் கொள்கை வகுத்து, நாசிக் பக்கம் விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைத்தது. ஆர்வத்தில் ஆலை தொடங்கிய சிறு விவசாயிகள் பலர், 2008க்குப் பிறகு விற்பனை படுத்தபோது மூடிவிட்டுக் கடனோடு நின்றார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். எனக்குத் தனியாக ஓர் ஆலை வேண்டாம். கடன் வாங்கி ஆலை போடத் தூண்டுகிற திட்டமும் வேண்டாம். ஊருக்குப் பொதுவான ஒரு வாசல் வேண்டும். மழை வந்தாலும் விலை விழுந்தாலும் பழத்தைக் கொண்டுபோய் இறக்கிச் சிட்டை வாங்கிக்கொள்ள ஒரு வாசல்.

இது நமக்குப் புதிதும் இல்லை. பாலுக்கு அந்த வாசல் இருக்கிறது. விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு சங்கத்துக்கு வருகிறவர் ஒரு மாடு வைத்திருந்தாலும் பத்து மாடு வைத்திருந்தாலும் ஒரே வரிசை. பாலின் கொழுப்பையும் சத்தையும் அளந்து விலை போடுகிறார்கள். சில மணி நேரத்தில் கெட்டுப்போகக்கூடிய பாலைக் குளிரூட்டி, வெண்ணெயாகவும் நெய்யாகவும் பால்கோவாவாகவும் மாற்றத் தெரிந்த தமிழ்நாட்டுக்கு, மூன்று நாள் தாங்குகிற திராட்சையைச் சாறாக மாற்றத் தெரியாதா? கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் கரும்புக்கான பணம் நிலுவையில் நின்று விவசாயிகள் பட்ட பாட்டை எடுத்துக்காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் பால் சங்கமும் இதே நாட்டில்தான் நடக்கிறது.

இங்கே நான் தயங்குகிற ஒரு விஷயத்துக்கு வர வேண்டும். திராட்சை ஆலை என்றதும் ஒயின் வரும். ஒயின் என்ற சொல்லை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. என் அண்ணன் குடித்துக் குடித்து 47 வயதில் இறந்தார். அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார்கள். ஆகவே ஊருக்கு இன்னொரு மதுக்கடை வருவதற்கு என் திராட்சை காரணமாக இருக்காது, இருக்க விடமாட்டேன். சாறுதான் முதலில் வேண்டும். வெடித்த பழமும் சாறாகும். உதிர்ந்த பழமும் சாறாகும். மணம் இருக்கிற பழம் இது. சும்மாவா பன்னீர் என்று பெயர் வைத்தார்கள்? சீனாவில் இதே வகைத் திராட்சைக்கு ரோஜா மணம் என்று பொருள்படும் பெயர். சாறு, வினிகர், ஜாம் என்று எவ்வளவோ வழி இருக்கிறது. ஒயினும் வேண்டுமா என்பதைச் சங்கத்தின் பொதுக்குழு முடிவு செய்யட்டும். அந்தப் பொதுக்குழுவில் பட்டா வைத்திருக்கிற ஆண்கள் மட்டும் இல்லாமல், பந்தலில் கத்தரி பிடிக்கிற பெண்களும் உறுப்பினராக இருக்க வேண்டும். எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. அந்தப் பெண்கள் கையைத் தூக்கி ஒரு முடிவு எடுத்தால், அது எனக்குப் பிடிக்காத முடிவாக இருந்தாலும், நான் கட்டுப்படுவேன்.

உங்கள் கட்டுரையில் வந்த சுற்றுலாப் பயணிகளைப் பற்றியும் சொல்கிறேன். அவர்கள் வருவது எங்களுக்கு மகிழ்ச்சி. குமுளியிலிருந்து இறங்கி வருகிற கேரளத்துக் குழந்தைகள், தலைக்கு மேல் தொங்குகிற கொத்தை முதன்முதலாகப் பார்த்து வாயைப் பிளப்பதைப் பார்க்க எனக்குச் சலிப்பதே இல்லை. ஆனால் அவர்கள் ஊர் திரும்பும்போது கையில் என்ன கொண்டுபோகிறார்கள்? இரண்டு கிலோ பழம். வீடு சேர்வதற்குள் பாதி நசுங்கிவிடும். அது போக, சாலையோரத்தில் திராட்சைக் கொத்துப் படம் ஒட்டிய ஊதா நிறப் பாட்டில். சென்ற மாதம் ஒன்றை வாங்கிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்தேன். தண்ணீர், சர்க்கரை, நிறமூட்டி, மணமூட்டி, பதப்படுத்தி. திராட்சை ஒரு சொட்டும் இல்லை. திராட்சைப் பந்தலுக்கு 200 அடி தள்ளி, திராட்சை இல்லாத திராட்சைச் சாறு விற்கிறது. என் தோட்டத்து வரப்போரத்திலோ 11 வாளிப் பழம் அழுகுகிறது.

இதைப் பார்த்தபோது எனக்கு மறுபடியும் பெசியேதான் நினைவுக்கு வந்தது. 1907இல் அந்தப் பகுதி முழுவதும் ஒயின் விவசாயிகள் கொந்தளித்து எழுந்தார்கள். விலை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயின் சந்தையை நிறைத்திருந்தது. மார்ச் மாதம் ஆர்ழெலியே என்ற கிராமத்திலிருந்து, மார்சலென் அல்பேர் என்பவர் தலைமையில் 87 பேர் நர்போன் நகரத்துக்கு நடந்தார்கள். ஜூன் 9ஆம் தேதி மோன்பெலியேவில் ஐந்து லட்சம் பேர் கூடினார்கள். நர்போனில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் இறந்தார்கள். அந்த மண்ணின் பிள்ளைகளே நிறைந்திருந்த 17ஆம் படைப்பிரிவு மக்களைச் சுட மாட்டோம் என்று கலகம் செய்து பெசியேவுக்கு நடந்து வந்து சேர்ந்தது. அந்த மாதக் கடைசியிலேயே போலி ஒயினுக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. பழம் இல்லாததைப் பழம் என்று சொல்லி விற்கக்கூடாது என்பதற்கு நம் நாட்டில் யாரும் சாக வேண்டியதில்லை. சட்டம் ஏற்கனவே இருக்கிறது. பேருந்து நிலையத்துக் கடைகளில் பாட்டிலைத் திருப்பிப் பார்க்க ஓர் அதிகாரி வந்தால் போதும்.

விவசாயிகளாகிய எங்கள் பக்கத்துத் தவற்றையும் மறைக்கக்கூடாது. மழை வரும், விலை விழும் என்று பயந்து, பழம் முழுதாகக் கறுப்பதற்கு முன்பே வெட்டிவிடுகிறோம். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. அதை வாங்கித் தின்கிற மதுரைக்காரர், "பன்னீர் என்றாலே புளிப்பு" என்று முடிவு கட்டிவிடுகிறார். எப்படி முடிவு கட்டாமல் இருப்பார்? இனிக்கிற பழத்துக்கும் புளிக்கிற பழத்துக்கும் ஒரே விலை போடுகிற தராசுக்கு முன்னால் நிற்கிறவன், பத்து நாள் எதற்குக் காத்திருப்பான்? இனிப்பை அளந்து விலை போட்டால் காத்திருப்பான். அந்த அளவுமானி ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. கையடக்கமானது; கண்ணில் வைத்துப் பார்க்கிற சிறிய குழாய்போல் இருக்கும். இங்கே ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சம் இல்லை.

புவிசார் குறியீட்டுக்காக நாங்கள் மகிழ்ந்தோம். 2023 சித்திரையில் ஊரில் இனிப்புக்கூடக் கொடுத்தார்கள். ஆனால் என் பந்தலிலிருந்து போன ஒரு பெட்டியிலும் இன்றுவரை அந்தக் குறியீட்டை நான் பார்க்கவில்லை. வியாபாரியின் பெட்டியில் வியாபாரியின் பெயர்தான் இருக்கிறது. மற்ற எந்த ஊர்ப் பழத்தோடு கலந்தாலும் கேட்பாரில்லை. ஊரின் பெயரைச் சொல்லி விற்க வேண்டுமென்றால், ஊர் மூடிய பெட்டியோ ஊர் அடைத்த பாட்டிலோ இருக்க வேண்டும். அதற்கும் அந்த வாசல்தான் வேண்டும்.

அரசுக்கு என் கோரிக்கை சிறியதுதான். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி என்று பன்னீர் விளைகிற ஊர்களுக்குப் பொதுவாக ஓர் இடம். அங்கே ஓர் எடைமேடை, ஒரு குளிர்பதன அறை, பழத்தைப் பிழிந்து சூடாக்கிப் பாட்டிலில் அடைக்கிற ஒரு வரிசை. முதலில் வெடித்த பழத்துக்கு மட்டும் போதும்; நல்ல பழத்தை வியாபாரியிடமே கொடுக்கிறோம். வெடித்த பழத்துக்குக் கிலோ 10 ரூபாய் கிடைத்தாலே தராசுக்கு முன்னால் நாங்கள் நிற்கிற விதம் மாறிவிடும். இந்தப் பழம் கூடையில் இல்லாவிட்டால் கம்பத்தில் எத்தனை அடுப்பு அணையும் என்பதை, பெட்டி அடிக்கிற தச்சர் முதல் லாரிக்குக் கயிறு கட்டுகிற பையன் வரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உங்கள் நிருபரையும் புகைப்படக்காரரையும் மறுபடியும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை சுற்றுலாப் பேருந்து வருகிற நேரத்தில் வேண்டாம். காலை ஆறு மணிக்கு, வெட்டு நடக்கிற நாளில் வரட்டும். எடை போடும்போது தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கத்தரி பிடிக்கிற அந்த அம்மாவின் கட்டைவிரலைப் படம் எடுக்கட்டும். கேட்டுவிட்டேன், அவருக்குச் சம்மதம்.

மழை விட்டிருக்கிறது. மிச்சக் கொத்துகளை இந்த வாரத்தில் வெட்டி முடிக்கிறோம். கொடிக்குச் சில வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு, தை முதல் வாரத்தில் கவாத்து. துத்தமும் சுண்ணாம்பும் வாங்க நாளைக்குக் கம்பம் போகிறேன். அப்பாவின் கத்தி பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்